பெட்டியை எங்கே வைப்பது

ஆல்ப்ஸ் மலையின் உயரங்களில் கட்டட வேலைக்கு ஆண்டில் பாதிதான் கிடைக்கும். மே மாதம் பனி உருகி மண் கண்ணில் பட்ட பிறகே தோண்ட முடியும். நவம்பரில் பனி திரும்பவும் விழுவதற்குள் கூரை மூடியிருக்க வேண்டும். டிசம்பர் நடுவில் பனிச்சறுக்குப் பருவம் தொடங்கும்போது குழாயைத் திறந்தால் வெந்நீர் வர வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் ஒரு வருட வருமானம் போய்விடும். கொத்தனாரும் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் மலையேறி வந்து வேலை பார்க்கும் இடத்தில், இந்த ஆறேழு மாதக் கெடு மிகக் கொடுமையானது.

பிரான்சின் சவோய் பகுதியில் உள்ள லேஸ் ஆர்க் என்ற பனிச்சறுக்கு ஊர் இந்தக் கெடுவோடு மல்லுக்கட்டி உருவானது. ரோஜே கொதினோ என்ற தொழில்முனைவரும் ரொபேர் பிளாங் என்ற உள்ளூர் மலை வழிகாட்டியும் சேர்ந்து கனவு கண்ட ஊர் அது. முதல் பகுதி 1,600 மீட்டர் உயரத்தில் 1968-இல் திறந்தது. அடுத்தது 1,800 மீட்டரில், 1974-இல். வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஷார்லோட் பெரியாந். 1927 முதல் பத்து ஆண்டுகள் லெ கொர்புசியேயிடம் வேலை பார்த்தவர். லேஸ் ஆர்க் பணியை ஏற்றபோது அறுபதைத் தாண்டியிருந்தார். அவருடைய குடும்ப வேர் சவோயில்தான். மலையேற்றமும் பனிச்சறுக்கும் அவருக்கு வாழ்நாள் பழக்கம்.

சின்னப் பெட்டிகள் அவருக்குப் புதிதில்லை. 1930-களின் இறுதியிலேயே, மலையேறுவோர் தங்குவதற்காக அலுமினியக் குழாய்களும் பலகைகளும் கொண்ட ஒரு குடிலை ஒரு பொறியாளருடன் சேர்ந்து உருவாக்கியிருந்தார். பாகம் பாகமாக மலைக்குத் தூக்கிச் சென்று, மேலே வைத்துப் பூட்டிவிடலாம். எட்டுச் சதுர மீட்டர் தரையில் ஆறு பேர் படுக்கலாம். நம்மூர் ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியில் பயணம் செய்தவர்களுக்கு அந்த ஏற்பாடு எளிதில் புரியும்: பகலில் இருக்கை, இரவில் படுக்கை, தலைக்கு மேல் இன்னொருவர்.

லேஸ் ஆர்க்கில் அவர் முழு அறையையும் தொழிற்சாலையில் செய்யவில்லை. 1970-களின் நடுவில் அவர் செய்தது குளியலறையை. தொட்டி, பேசின், சுவர், தரை எல்லாமே பாலியஸ்டரில் வார்த்த ஒரே கூடு. படகு கட்டுபவர்கள் கையாளும் அதே நுட்பம். லாரியில் ஏற்றி, கிரேனில் தூக்கி, கட்டடத்துக்குள் இறக்கிக் குழாயையும் மின்கம்பியையும் இணைத்தால் முடிந்தது. ஏன் குளியலறை? ஒரு சின்ன அடுக்ககத்தில் மிகக் குறைந்த இடத்தில் மிக அதிகமான கைகள் வேலை செய்யும் இடம் அதுதான். ஓடு பதிப்பவர் முடித்தால்தான் பிளம்பர் வரலாம், பிளம்பர் முடித்தால்தான் மின்வேலை. மூன்று சதுர மீட்டருக்குள் ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டும். அந்த வரிசையை அப்படியே தொழிற்சாலைக்கு நகர்த்திவிட்டால், மலையில் செலவாகும் நாட்கள் சட்டென்று குறைகின்றன. படுக்கையறை என்பது நாலு சுவர். அதை எங்கே செய்தாலும் பெரிய லாபமில்லை. எதைப் பெட்டியாக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில்தான் பெரியாந்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பேன்.

இன்று பனிச்சறுக்கு ஊர்களில் விற்பனைக்கு வரும் மாட்யூலர் கேபின்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், முழு வீட்டையே லாரியில் கொண்டுவருகின்றன. படங்களில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும்: மரப் பலகை, பெரிய கண்ணாடி, பின்னால் வெள்ளைச் சிகரம். அந்தப் பெட்டியின் அளவைக் கட்டடக் கலைஞர் முடிவு செய்வதாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் முடிவு செய்வது சாலைதான். ஐரோப்பாவில் சிறப்பு அனுமதி இல்லாமல் சாலையில் போகும் லாரியின் அகலம் 2.55 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குளிரைத் தாங்க இருபுறமும் கனமான சுவர் வைத்தால், உள்ளே மிஞ்சுவது இரண்டு மீட்டரும் கொஞ்சமும். ஒரு கட்டிலைக் குறுக்கே போட்டால் சரியாகப் பொருந்தும். மறுபக்கம் நடக்க இடமிருக்காது. அதனால்தான் இத்தகைய கேபின்களில் கட்டில் எப்போதும் கடைசி மூலையில், சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. சாலையே இல்லாத இடத்துக்கு ஹெலிகாப்டர். இத்தாலியப் பக்கத்தில், மோன் பிளாங் மலைத்தொடரின் ஃப்ரெபூஸ் பனியாற்றின் மேல், 2,835 மீட்டர் உயரத்தில் 2011-இல் வைக்கப்பட்ட ஜெர்வாசுத்தி குடில் அப்படி வந்ததுதான். தொழிற்சாலையில் செய்த பாகங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோய் மலையில் கோத்தார்கள். அங்கே அளவை முடிவு செய்தது ஹெலிகாப்டர் தூக்கக்கூடிய எடை.

ஆக, பெட்டியின் உருவம் மலைக்கு வெளியே தீர்மானமாகிவிடுகிறது. அதை எந்தப் புள்ளியில், எந்தத் திசை பார்த்து, பக்கத்துப் பெட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதைத்தான் மலை தீர்மானிக்கிறது. கேபின் விற்பவர்களின் பளபளப்பான கையேடுகளில் பெட்டிக்கு நாற்பது பக்கம் இருந்தால் இடத்துக்கு ஒரு பக்கம்கூட இருக்காது. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது.

முதல் கேள்வி: எங்கே வைக்கவே கூடாது?

1970 பிப்ரவரி 10, காலை. பிரான்சின் வால் திசேர் ஊரில், இளைஞர்கள் தங்கும் ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில் காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. எதிர் மலைச்சரிவிலிருந்து கிளம்பிய பனிச்சரிவு பள்ளத்தாக்கைக் கடந்து வந்து அந்தக் கூடத்துக்குள் புகுந்தது. 39 பேர் இறந்தார்கள். பனிச்சரிவு எங்கெங்கே வந்திருக்கிறது என்பதைப் பிரான்ஸ் முறையாக வரைபடமாக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பிறக்கின்றன. அதைவிடச் செங்குத்தானால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். அதைவிடச் சமமானால் நகராது. ஆனால் பிறக்கும் இடம் வேறு, போய் நிற்கும் இடம் வேறு. மேலே சேர்ந்த வேகத்தோடு அது சமதரையில் வெகுதூரம் ஓடும், எதிர்ச்சரிவில் ஏறக்கூடச் செய்யும். சமதரையாக இருக்கிறதே, கேபின் வைக்கச் செலவில்லையே என்று ஆசைகாட்டும் இடம் பல சமயம் பழைய பனிச்சரிவுகள் வந்து படுத்த இடமாகவே இருக்கும். அனுபவமுள்ளவர்கள் மரங்களைப் பார்ப்பார்கள்: சுற்றிலும் வயதான ஊசியிலைக் காடு இருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் இளம் செடிகளாக இருந்தால் அது பனியின் பாதை.

ஸ்விட்சர்லாந்து இதை எண்ணாக்கியிருக்கிறது. 300 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய பனிச்சரிவு ஓர் இடத்தில் 30 கிலோபாஸ்கலுக்கு மேல், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன்னுக்கு மேல், அழுத்தம் தருமானால், அது சிவப்பு மண்டலம். புதிதாக எதையும் கட்ட முடியாது. அதற்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் நீல மண்டலம். மலையைப் பார்த்த சுவரைக் காங்கிரீட்டில் வலுப்படுத்துவது போன்ற நிபந்தனைகளுடன் கட்டலாம். இந்த இடத்தில்தான் மாட்யூலர் கேபினின் பெருமையே அதன் எதிரியாகிறது. லாரியும் கிரேனும் தூக்கும்படி இலேசாக இருப்பதுதானே அதன் சிறப்பு? நீல மண்டலத்தில் வரும் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, சதுர மீட்டருக்கு ஒரு டன், என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பாதியாக வந்து கோத்த கேபின் ஒன்றின், மூன்று மீட்டர் அகலமும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள குறுகிய முகத்தின் மேல் 8 டன் விசை வந்து மோதும். கேபின் அஸ்திவாரத்தோடு போய்விடும். காங்கிரீட் வீட்டுக்கு நிபந்தனையுடன் கிடைக்கும் நிலம் இலேசான பெட்டிக்குக் கிடைக்கக் கூடாது.

வரைபடங்களும் பொய்க்கலாம். 1999 பிப்ரவரி 23 அன்று ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தில் பனிச்சரிவு, பாதுகாப்பானது என்று பச்சை வண்ணம் தீட்டப்பட்டிருந்த பகுதிக்குள்ளேயே வந்தது. அந்த ஊரில் மட்டும் 31 பேர் மாண்டார்கள். பின்னாளில் அங்கே எழுப்பிய நீண்ட தடுப்புச் சுவரோடு சேர்த்தே ஓர் அருங்காட்சியகத்தைக் கட்டினார்கள்: கட்டடத்தின் முதுகே அணை. இது புது யோசனையும் அல்ல. தாவோஸ் அருகே ஃப்ராவன்கிர்ஷ் என்ற இடத்தில் உள்ள பழைய தேவாலயத்தின் மலைப்பக்கச் சுவர், கப்பலின் முகப்பைப் போலக் கூராகக் கட்டப்பட்டிருக்கிறது. வரும் பனி இரண்டாகப் பிளந்து இருபுறமும் போய்விடும்.

தடை செய்யப்பட்ட இடங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சும் நிலத்தில் வெயிலைத் தேட வேண்டும். இங்கே ஒரு சங்கடம். பனிச்சறுக்குக்கு வடக்குச் சரிவுதான் நல்லது. வெயில் குறைவாகப் படுவதால் பனி நீண்ட நாள் நிற்கும். தங்குபவருக்கோ தெற்கு வெயில் வேண்டும். சறுக்குப் பாதைக்குப் பக்கத்திலேயே கேபின் வேண்டும் என்று கேட்கும் விருந்தினர், தெரியாமலே, நிழலில் வாடகைக்கு இடம் கேட்கிறார்.

எவ்வளவு நிழல்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லேஸ் ஆர்க் ஏறக்குறைய 45.6 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து 21 டிகிரி உயரம்தான் ஏறும். சமதரையில் 3 மீட்டர் உயரக் கேபின் ஒன்றின் நிழல் வடக்கே 7.8 மீட்டர் நீளும். அதே கேபினைத் தெற்கு நோக்கி 15 டிகிரி சாய்ந்த சரிவில் வைத்தால், நிழல் விழும் பக்கம் தரை ஏறி வந்து அதைச் சந்திப்பதால், 4.6 மீட்டரோடு நின்றுவிடும். வடக்கு நோக்கி அதே 15 டிகிரி சாய்ந்த சரிவில் வைத்தாலோ, தரை நிழலைவிட்டு விலகி விலகி இறங்குவதால், நிழல் 26 மீட்டர் போகும். சரிவு 21 டிகிரியைத் தாண்டினால் அன்று நண்பகலில்கூடத் தரையில் வெயிலே படாது.

இந்த மூன்று எண்களில் ஓர் ஊரின் வரைபடமே ஒளிந்திருக்கிறது. தெற்குச் சரிவில் கேபின் வரிசைகளை ஐந்தைந்து மீட்டர் இடைவெளியில் படிக்கட்டுபோல் அடுக்கலாம்; எல்லாருக்கும் வெயில். வடக்குச் சரிவில் அதே வெயிலைக் கொடுக்க வேண்டுமானால் ஐந்து மடங்குக்கும் மேல் இடைவெளி தேவை. அத்தனை நீளத்துக்குச் சாலை, குழாய், பனி அள்ளும் வேலை எல்லாம் கூடும். ஆகவே வடக்குச் சரிவில் வரிசை மேல் வரிசையாகத் தனிக் கேபின்களைப் போடுவது வீண். ஒரே நீண்ட வரிசை, அல்லது எல்லாரையும் சேர்த்து ஒரே உயரமான கட்டடம் என்று போவதே அறிவு.

லேஸ் ஆர்க்கின் சிற்பிகள் இதைக் கட்டட வடிவிலேயே எழுதிக் காட்டினார்கள். 1,600 மீட்டரில் உள்ள ‘லா கஸ்காத்’ என்ற குடியிருப்பில் ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைவிடச் சற்றுப் பின்வாங்கி நிற்கும். மேல்வீட்டு பால்கனி கீழ்வீட்டின் வெயிலை மறைக்காது. பின்புறமோ அதே அளவுக்கு வெளியே சாய்ந்திருக்கிறது. ‘வெர்சான் சூத்’ என்ற இன்னொரு கட்டடம் மலையின் சாய்வையே தன் கூரையின் சாய்வாக எடுத்துக்கொண்டு, மேலிருந்து நுழைந்து கீழே இறங்கும்படி படுத்துக்கிடக்கிறது. மேலே நிற்பவருக்குக் கட்டடம் அவ்வளவாகக் கண்ணில் படாது. நூற்றுக்கணக்கான சிறு வீடுகளை ஒரே முதுகெலும்பில் கோத்தால், மீதி மலையைத் தொடாமல் விடலாம் என்பது பெரியாந்தின் கணக்கு. தனித்தனிக் குடில்களைச் சரிவெங்கும் தெளித்து வைப்பதுதான் இயற்கைக்கு இணக்கம் என்று இன்று பலர் நம்புகிறார்கள். நான் பெரியாந்தின் கட்சி.

அந்தக் கட்சிக்கு வெப்பக் கணக்கும் சாட்சி சொல்கிறது. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் உள்ள ஒரு கேபினை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைக்காக இரண்டு பாதியாக வந்து கோக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்த்துக் குளிருக்கு முகம் காட்டும் பரப்பு ஏறக்குறைய 85 சதுர மீட்டர். ஆனால் உள்ளே தரை 18 சதுர மீட்டர்தான். இதே கேபினை ஒரு வரிசையின் நடுவில், இருபுறமும் நீளச்சுவர்கள் அண்டை வீட்டைத் தொடும்படி வைத்தால், வெளிப்பரப்பு 52 ஆகிவிடும். மேலே இன்னொன்றை அடுக்கினால், 34. பெட்டியில் ஓர் ஆணிகூட மாறவில்லை. வைத்த இடம் மாறியதால் மட்டும் வெப்பம் தப்பும் பரப்பில் அறுபது சதவீதம் போய்விட்டது. கூடுதல் பஞ்சுக் காப்புக்குச் செலவிடும் முன் கேபின்களை நெருக்கி வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் மலிவு. தீ பரவும் ஆபத்து மட்டும் எதிர்வாதம் செய்யும். ஒட்டி வைத்தால் நடுச்சுவர் தீத்தடுப்புச் சுவராக இருக்க வேண்டும், விலக்கி வைத்தால் தீ தாவாத அளவுக்கு விலக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் இடைவெளி என்ற நடுத்தர சமரசம் இரண்டுக்கும் உதவாது. போதாக்குறைக்கு அந்தச் சந்தில் பனி அடைத்துக்கொள்ளும்.

பனி எப்படி அடைகிறது என்பது தனிக்கதை. பனி மேலிருந்து கீழே விழுகிறது என்று வெப்பநாட்டுக்காரர்கள் நாம் நினைப்போம். உயரமான வெட்டவெளிகளில் அது பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பயணம் செய்கிறது. காற்று போதிய வேகத்தில் வீசினால் தரையில் கிடக்கும் தளர்ந்த பனியைக் கிளப்பிக்கொண்டு போகும். காற்றின் வேகம் இரட்டித்தால் அது சுமக்கும் பனி எட்டு மடங்குக்கும் மேலாகும். வழியில் ஒரு கேபின் குறுக்கிட்டால், காற்று மோதும் முகத்தில் சுழன்று பள்ளம் பறிக்கும். மறுபுறம் காற்று தளர்ந்து, சுமையை இறக்கிவைக்கும். பனிமேடு கேபினின் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரம் நீளும். அந்தப் பக்கத்தில்தான் வாசலை வைத்தீர்கள் என்றால், இரவில் படுத்தவர் காலையில் சுரங்கம் தோண்டித்தான் வெளியே வர வேண்டும். வாசலுக்குச் சரியான இடம் காற்றுக்கு இணையாக உள்ள பக்கச்சுவர். காற்று உரசிக்கொண்டு போய் அதைத் தானே பெருக்கிவிடும்.

காற்றுக்கும் பெட்டிக்கும் உள்ள இந்த உறவை மிகச் சுத்தமாகப் பார்க்க வேண்டுமானால் சறுக்கு ஊர்களைவிட்டு அண்டார்க்டிகா போக வேண்டும். பிரன்ட் பனித்தட்டில் உள்ள பிரிட்டிஷ் ஆய்வு நிலையமான ஹாலியின் முதல் நான்கு வடிவங்களும் சேரும் பனியில் புதைந்து நசுங்கின. ஆறாவது வடிவம் 2013-இல் திறந்தது: எட்டு மாட்யூல்கள், ரயில்போல ஒரே வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஹைட்ராலிக் கால்கள், காலுக்கு அடியில் சறுக்குப் பலகை. பனி ஏற ஏறக் கால்களை உயர்த்திக்கொள்ளலாம். வரிசை முழுவதும் வழக்கமான காற்றுக்குச் செங்குத்தாக நிற்கிறது. பனிமேடு ஒரே பக்கத்தில் மட்டும் சேரும். மறுபக்கம் வண்டிகள் வந்துபோக எப்போதும் திறந்திருக்கும். அடியில் காலி இடம் இருப்பதால் காற்று கீழே புகுந்து வேகமெடுத்து, தரையைத் துடைத்துவிட்டுப் போகும். பனித்தட்டில் விரிசல் வளர்ந்தபோது, 2016-17 கோடையில் மாட்யூல்களைக் கழற்றி டிராக்டரால் இழுத்து 23 கிலோமீட்டர் தள்ளி மறுபடி கோத்தார்கள். கழற்றி மாட்டலாம் என்று விளம்பரத்தில் சொல்லப்படும் கட்டடங்களில், சொன்னபடி கழற்றி மாட்டப்பட்டவை எத்தனை என்று யோசித்தால் அதன் மதிப்பு தெரியும்.

சறுக்கு ஊரில் கால்கள் இவ்வளவு நீளமாக வேண்டாம். ஆனால் அந்தக் குளிர்காலத்தின் பனி மட்டத்துக்கு மேல் கேபினின் தரை இருந்தாக வேண்டும். கோடையில் இடம் பார்க்கப்போகும் முதலீட்டாளருக்கு இது புரிவதில்லை. புல்வெளியில் இரண்டு மீட்டர் கால்களின் மேல் நிற்கும் பெட்டி அவருக்குக் கோமாளித்தனமாகத் தெரிகிறது, குறைக்கச் சொல்கிறார். ஜனவரியில் அதன் சன்னல் மூடிப்போகும்.

கூரைமேல் விழும் பனியையும் ஏதாவது செய்தாக வேண்டும். புதுப்பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ இருக்கும். அமுங்கிப் படிந்தபின் 300. ஒன்றரை மீட்டர் படிந்த பனி நம் 18 சதுர மீட்டர்க் கேபினின் மேல் 8 டன். அதைச் சரித்துத் தள்ளுவதற்குத்தானே சாய்வான கூரை என்று தோன்றும். தள்ளலாம், ஆனால் எங்கே? நெருக்கமான ஊரில் அது நடப்பவர் தலையிலோ அடுத்த வீட்டு வாசலிலோதான் விழும். கூர்ஷெவெல் ஊரை வடிவமைத்தவர்களில் ஒருவரான தெனி பிராதெல், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கூரையைத் தலைகீழாகத் திருப்பினார். இரு சரிவுகளும் நடுவை நோக்கி இறங்கும் வண்ணத்துப்பூச்சிக் கூரை. பனி மேலேயே தங்கும். உருகும் நீர் நடுவிலுள்ள குழாய் வழியாக, கட்டடத்தின் கதகதப்பான உடலுக்குள்ளேயே இறங்கும், உறையாது. விளிம்பில் ஈட்டிபோல் தொங்கும் பனிக்கம்பிகளும் வராது. லேஸ் ஆர்க் போன்ற பிற்கால ஊர்களின் தட்டைக் கூரைகளும் இதே சிந்தனையில் வந்தவை. மேலே தங்கும் பனி நல்ல போர்வையும்கூட. சாய்கூரைக் குடிலின் அழகுக்கு மயங்குபவர்கள் அதைத் தனியாக, சரியும் பனிக்கு இருபுறமும் இடம் விட்டு வைத்தால் சரி. பத்துக் குடிலை அருகருகே வைத்துச் சாய்கூரையும் போட்டால், பனி அள்ளும் ஆளுக்கு நிரந்தர வேலை.

குழாய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரிந்து குழாயைப் பிளக்கும். எனவே குழாயை உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும், கேபினுக்குள் ஏறும் துண்டுக்குக் காப்பும் சூடேற்றும் மின்கம்பியும் வேண்டும். காலியாகக் கிடக்கும் நாட்களில் ஒரே வால்வைத் திறந்து முழுத் தண்ணீரையும் வடித்துவிடும்படி குழாய்கள் சாய்ந்திருக்க வேண்டும். இரண்டு கேபின்களின் குளியலறைகளை முதுகோடு முதுகு வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகும். நாற்பது தனிக் கேபின்கள் என்றால் பிளம்பருக்கு நாற்பது தலைவலி, இருபது இணைகள் என்றால் இருபதுதான்.

சின்ன அறையின் பெரிய எதிரி குளிர்தான் என்று நினைத்திருந்தேன். கணக்கு வேறு சொல்கிறது. நல்ல காப்புள்ள கேபினில், வெளியே உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே, உள்ளே இருபது டிகிரி என்றால், சுவர்கள் வழியாகத் தப்பும் வெப்பம் 500 வாட் அளவு. உள்ளே இருக்கும் நான்கு உடல்களே 400 வாட் தருகின்றன. ஆனால் அதே நான்கு பேர் எட்டு மணி நேரத் தூக்கத்தில் மூச்சாலும் வியர்வையாலும் ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீராவியை அறைக்குள் விடுகிறார்கள். நனைந்த பூட்ஸ், கையுறை, சட்டை எல்லாம் ஹீட்டர்மேல் தொங்கினால் இன்னும் சில லிட்டர். அந்த ஈரம் குளிர்ந்த சன்னல் சட்டத்திலும் சுவர் மூலையிலும் நீராகப் படிந்து, பூஞ்சையாக வளரும். ஆகவே ஈரமான பொருள்கள் கேபினுக்குள் வரவே கூடாது என்பதுதான் நல்ல திட்டத்தின் விதி. சறுக்குப் பாதை முடியும் இடத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சூடான அறை: பூட்ஸ் உலர்த்தும் குழாய்கள், பலகைகளை நிறுத்தும் சட்டங்கள், நல்ல காற்றோட்டம். அதை எங்கே வைக்கிறோமோ அதுதான் அந்தச் சிற்றூரின் நடுப்புள்ளி. வரவேற்பறையைவிட அது முக்கியம்.

அங்கிருந்து கேபின்வரை நடக்க வேண்டும். சறுக்குப் பூட்ஸ் கணுக்காலை வளையவிடாத கடினப் பிளாஸ்டிக். அதைப் போட்டுக்கொண்டு பனியில் முந்நூறு மீட்டருக்கு மேல் நடக்கச் சொன்னால், அடுத்த நாள் விருந்தினர் காரை எடுத்துவிடுவார். கார் வந்தால் சாலை வரும், சாலை வந்தால் பனி அள்ளும் எந்திரம் வரும், அள்ளிய பனியைக் கொட்ட இடம் வேண்டும். 1960-களில் திறந்த அவோரியா இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே வெட்டியது. ழாக் லாப்ரோவும் அவர் தோழர்களும் வடிவமைத்த அந்த ஊரில் கார்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே குதிரை வண்டி, நடை, சறுக்கு. தெருக்களைச் சுரண்டி வழிப்பதில்லை. பனியை அமுக்கி மட்டும் விடுகிறார்கள். தெருவே சறுக்குப் பாதை. லேஸ் ஆர்க் இன்னொரு வழி கண்டது: கீழே ரயில் நிலையம் உள்ள பூர்-சன்-மொரீஸ் ஊரிலிருந்து 1,600 மீட்டருக்கு 1989 முதல் கம்பிவட ரயில் ஓடுகிறது.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஒரு விஷயம் தப்பிவிடலாம்: கட்டில்கள் காலியாகக் கிடப்பது. 1964-இல் தொடங்கிய பிரெஞ்சு அரசின் ‘பனித் திட்டம்’ ஆல்ப்ஸில் பெருமளவில் படுக்கைகளைக் கட்டவைத்தது. 1977-இல் குடியரசுத் தலைவர் ஜிஸ்கார் தெஸ்தேன் வலூயிஸ் என்ற ஊரில் ஆற்றிய உரையோடு அந்தக் காலம் முடிந்தது. அப்போது சிறு வீடுகளைத் தனியாருக்கு விற்றுத்தான் கட்டுமானச் செலவை மீட்டார்கள். உரிமையாளர்கள் ஆண்டில் ஓரிரு வாரம் வந்துபோகிறார்கள், மீதி நாள் பூட்டு. பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைக் குளிர்ந்த கட்டில்கள் என்கிறார்கள். பக்கத்திலேயே புதுக் கேபின்களுக்கு மண் தோண்டுகிறார்கள். புதிய மாட்யூல்களை மலைக்கு ஏற்றும் எந்தத் திட்டத்துக்கும் நான் முதலில் கேட்கும் ஆவணம் வரைபடம் அல்ல. பழைய கட்டில்களில் எத்தனை எத்தனை நாள் நிரம்பின என்ற பட்டியல்.

அது கையில் இருந்தும் கேபின்கள் தேவைதான் என்று முடிவானால், கடைசி ஆலோசனையை ஆகஸ்ட் மாதத்தில், புல்வெளியில் நின்று செய்வது நல்லது. லேஸ் ஆர்க் இருக்கும் தாரந்தேஸ் பள்ளத்தாக்கில் கோடை வந்தால் சறுக்குப் பாதைகள் மேய்ச்சல் நிலமாகிவிடும். தாரீன், அபோந்தான்ஸ் இனப் பசுக்கள் மேலே ஏறும். அவற்றின் பால்தான் பொஃபோர் பாலாடைக்கட்டி. திருகுபோல் மண்ணில் இறக்கிய எஃகுக் கால்களை அடுத்த தலைமுறை கழற்றி எடுத்துவிடலாம், காங்கிரீட்டை அப்படி எடுக்க முடியாது. குழாய்ப் பள்ளத்தைத் தோண்டும்போது மேல்மண்ணை உருட்டாமல் புல்லோடு தனியே எடுத்துவைத்து மறுபடி பதிக்க வேண்டும்; அந்த உயரத்தில் போன புல் திரும்பி வளரப் பல்லாண்டு ஆகும். மாடுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியைக் கேபின் வரிசை குறுக்கே வெட்டுகிறதா என்று மேய்ப்பவரைக் கேட்டு, வெட்டினால் வரிசையின் நடுவில் இரண்டு கேபின் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும். ஜனவரியில் அதே இடைவெளி வழியாகத்தான் பனி அமுக்கும் எந்திரம் மேலே போகும்.